நீர் இழுத்த பக்கம் போகிறவை

திருகோணமலைச் சந்தையில் கருவாட்டுக் கடையின் ஓரத்தில், சாக்கின் வாயை மடித்துவிட்டுக் கூனி வைத்திருப்பார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் வெளிறிய ரோசா நிறத் தவிடுபோலக் கிடக்கும். ஒரு பிடி அள்ளிக் கண்ணருகே கொண்டுபோனால்தான் ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழு இறால் என்று தெரியும். வளைந்த உடம்பு, விசிறி வால், காய்ந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மீசை, தலையில் இரண்டு கரும்புள்ளிக் கண். மண் போக அலசி, வெறுஞ்சட்டியில் வறுத்து, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்துத் தேசிக்காய் பிழிந்தால் கூனிச் சம்பல். அன்றைக்குப் புட்டு கூடுதலாகவே இறங்கும்.

பெயருக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். கூன் விழுந்தது கூனி. இராமாயணத்து மந்தரைக்கும் இந்தச் சிற்றிறாலுக்கும் முதுகு ஒன்று, பெயரும் ஒன்று. சிங்களத்திலும் இது கூனிஸ்ஸோதான். சங்கப் பாடல்களில் இறால் என்பது இறவு என்றும் இறா என்றும் வரும். அங்கேயும் அதன் வளைந்த முதுகைச் சேர்த்துச் சொன்ன இடங்கள் உண்டு. கடற்கரைக்காரர் பெயர் வைக்கும் முறையே இதுதான்: கண்ணுக்கும் கைக்கும் முதலில் தட்டுப்படுவது எதுவோ அது பெயராகிவிடும். உடம்பில் பட்டால் சொறிய வைக்கும் குழகுழப்பான உயிருக்குச் சொறி என்று பெயர். பள்ளிப் புத்தகம் அதை இழுது மீன் என்றும் ஜெல்லி மீன் என்றும் எழுதும். அது மீனே அல்ல என்பதைப் பார்த்தால், சொறி என்றவரே திருத்தமாகச் சொன்னவர்.

விலங்கியல் அட்டவணையில் கூனி அசெட்டஸ் என்ற பேரினம், சர்ஜெஸ்டிடே குடும்பம், பத்துக்காலி வரிசை. சொறியோ அந்த அட்டவணையில் வெகு தூரத்தில் வேறொரு கிளை. முதுகெலும்பு இல்லை என்பதைத் தவிர இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான உறவு கிடையாது. இருந்தும் கடலாய்வாளர்கள் இரண்டையும் ஒரே பெயரின் கீழ் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் பிளாங்டன். இலங்கைத் தமிழ்ப் பாடக் குறிப்புகளில் அது பிளாந்தன் ஆகும்.

சொல்லுக்கு வயது அதிகமில்லை. ஜெர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த விக்டர் ஹென்சன் 1887இல் அதை உருவாக்கினார். அதற்கு முன் ஜெர்மன் ஆய்வாளர்கள் 'மேலே மிதந்து வருவது' என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். ஹென்சனுக்கு அது போதவில்லை. மேலே வருவது மட்டும் அவருக்கு விஷயமல்ல. நீரோட்டத்தை எதிர்த்துப் போக வலுவில்லாமல், அது இழுத்த பக்கம் போகும் எல்லாமும் வேண்டும். கிரேக்க மொழியில் 'பிளாங்க்டோஸ்' என்றால் வழி தவறி அலைக்கழிக்கப்பட்டது. 'அடி, தள்ளு' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். தானாக விரும்பி ஊர் சுற்றுவது அல்ல, அடிபட்டுப் போவது.

ஆக, இது உறவைச் சொல்லும் பெயரே அல்ல. ஒரு சொட்டுக் கடல்நீரில் இருக்கும் டயட்டம் என்ற நுண்பாசி, அதை மேயும் கோபிபோடு என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலி, மீனின் முட்டை, நண்டின் குஞ்சு, கூனி, சொறி எல்லாவற்றையும் இணைப்பது ஓர் இயலாமைதான். ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன், கணவாய், திமிங்கிலம் ஆகியவற்றுக்கு நெக்டன் என்றும், அடியில் கிடப்பவற்றுக்கு பெந்தோஸ் என்றும் பெயர் வைத்து இந்தப் பாகுபாட்டை முழுமையாக்கியவர் ஜெர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். ஆண்டு 1890.

ஹெக்கலுக்கு இலங்கை புதிதல்ல. 1881 நவம்பரில் கொழும்பில் வந்து இறங்கி, தெற்கே வெலிகமையில் தங்கி, நுண்வலையைக் கடலில் இழுத்துப் போத்தல் போத்தலாக நிரப்பியவர். அன்றைக்கு அவர் அள்ளியதற்கு இன்றைய பெயர் பிறக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. பெயர் பிறந்த பிறகு அதை எடுத்துக்கொண்டார். பெயர் வைத்தவரோடு மட்டும் சண்டை பிடித்தார். ஹென்சன் 1889இல் 'நாஷனல்' என்ற கப்பலில் அட்லாண்டிக்கில் சுற்றி, வலையில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுத்தார். கடலில் இவை ஏறக்குறையச் சீராகப் பரவியிருக்கும், ஆகவே சில இடங்களில் எண்ணினாலே மொத்தக் கடலின் விளைச்சலைச் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அவை கூட்டங்கூட்டமாகத்தான் நிற்கும், எண்ணுவது வீண்வேலை என்றார் ஹெக்கல். கூட்டமாக நிற்பதில் ஹெக்கல் சொன்னது சரி. எண்ண வேண்டும் என்பதில் ஹென்சன் சொன்னது சரி. கடலாய்வு இரண்டு பேரையும் வைத்துக்கொண்டது.

ஹென்சனின் வலையை நெய்தவர்கள் கடல் காணாதவர்கள். அது ஆலைகளில் மாவு அரிக்கும் பட்டுத் துணி. நூல் மெல்லியது, கண் ஒரே அளவு, நனைந்தாலும் இளகாது. ஆனால் மாவரிப்புத் துணியிலும் தப்பிப் போகிறவை உண்டு என்று காட்டியவர் அதே கீலைச் சேர்ந்த ஹான்ஸ் லோமன். காட்டிக்கொடுத்தது ஒரு சின்ன மிதவை விலங்கு. அப்பெண்டிகுலேரியா என்ற அது தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டி, அதையே வடிகட்டியாக வைத்துச் சாப்பிடும். அந்தக் கூட்டைப் பிரித்துப் பார்த்த லோமனுக்கு, பட்டு வலையில் ஒருநாளும் விழாத நுண்ணுயிர்கள் அங்கே குவிந்து கிடந்தது தெரிந்தது. இப்போது இந்தக் கூட்டத்தை அளவால் பிரிக்கிறார்கள். 1978இல் வகுத்த அளவுகோலின்படி 0.2 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை பைக்கோ, 20 வரை நானோ, 200 வரை மைக்ரோ. அதற்கு மேலே கோபிபோடும் கூனியும் சொறியும். கடலில் ஒளிச்சேர்க்கை செய்பவற்றில் எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்கும் புரோகுளோரோகொக்கஸ் என்ற நுண்ணுயிர் 1988இல்தான் ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.6 மைக்ரோமீட்டர்.

வகைப்பாட்டாளர்களை இந்தக் கூட்டம் ஏமாற்றிய கதை தனி. இலை மாதிரித் தட்டையாக, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஓர் உயிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலையில் அகப்பட்டது. அதற்கு ஃபைலோசோமா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் அது சிங்கி இறாலின் குஞ்சு. திருகோணமலைப் பாறைகளின் இடுக்கில் மீசையை நீட்டிக்கொண்டிருக்கும் அதே சிங்கி இறால், பிறந்து பல மாதங்கள் அந்த இலை உருவத்தில் கடலோடு அலைகிறது. சோயியா என்ற 'விலங்கு'க்கும் இதே கதி. அது நண்டின் குஞ்சு என்று 1820களில் காட்டியவர் ஜான் வாகன் தாம்சன். பேரினம் போனாலும் பெயர் போகவில்லை. சோயியாவும் ஃபைலோசோமாவும் இன்று வளர்ச்சிப் பருவங்களின் பெயர்கள். வாழ்நாள் முழுக்க அலைபவை ஒரு வகை, குஞ்சாக இருக்கும்போது மட்டும் அலைந்துவிட்டுப் பின்னால் ஓரிடத்தில் குடியேறுபவை இன்னொரு வகை என்ற பிரிவு இப்படித்தான் தேவைப்பட்டது.

இந்த இரண்டாம் வகை அரசின் கருவூலத்தையே தொட்ட இடம் இலங்கை. இந்த மண்ணில் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் ஃபிரெட்ரிக் கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் திருகோணமலையில் இருந்துகொண்டு கடல் உயிர்களை ஆராய்ந்தார். ஓடில்லாத கடல் நத்தைகளை வண்ணம் வண்ணமாக விவரித்தார். அரசாங்கம் அவரிடம் கேட்டதோ முத்துச்சிப்பியைப் பற்றி. மன்னார்ப் பக்கத்துக் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி ஒரு காலம் கொட்டிக் கிடக்கும், பிறகு ஆண்டுக் கணக்கில் ஒன்றும் இராது. காரணம் என்ன? சிப்பி தன்னைப் பாறையோடு கட்டியிருக்கும் நூலை விட்டுவிட்டு இடம் மாறக்கூடியது என்று கெலார்ட் காட்டினார். பெரிய பயணம் அதற்கும் முந்தியது. முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் பிளாங்டனாக அலைகிறது. ஓட்டம் அதைப் பாரில் சேர்த்தால் சிப்பி. மணலிலோ ஆழத்திலோ சேர்த்தால் ஒன்றுமில்லை. 1902இல் முத்துப் பார்களை ஆராய வந்த வில்லியம் ஹெர்ட்மனின் ஐந்து தொகுதி அறிக்கையில் கோபிபோடுகளுக்கென்றே ஒரு பகுதி இருப்பது வீண் படாடோபமல்ல.

தமிழில் இதை என்ன சொல்வது என்ற கேள்விக்குத் திருகோணமலையோடு ஒரு தொடர்பு உண்டு. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவில் பிறந்தவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். அந்த முயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' நூலை வெளியிட்டது. பின்னாளில் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தன் வழியில் சொற்றொகுதிகளைப் போட்டது. இரு கரையும் இரு வழக்கில் போயின. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் மிதவை உயிரி, தாவர மிதவை உயிரி, விலங்கு மிதவை உயிரி. இலங்கையில் பிளாந்தன், தாவரப் பிளாந்தன், விலங்குப் பிளாந்தன்.

மிதவை சொல்லுக்கு எளிது, பொருளுக்குக் கொஞ்சம் இடறல். மிதப்பது மேலே நிற்கும். கோபிபோடுகளில் பலவோ பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி இரவில் மேலே வரும். மேலும் கீழும் போக அவற்றுக்குத் தெம்புண்டு. பக்கவாட்டு ஓட்டத்தோடு மல்லுக்கட்டத்தான் முடியாது. ஹென்சன் நினைத்ததைப் பிடிக்கத் தமிழில் கைக்கெட்டிய சொல் ஒன்று இருக்கிறது: அலை. பெயராக நின்றால் கடலின் அலை, வினையாக நின்றால் வழியற்றுத் திரிதல், 'அலைக்கழி' என்றால் கிரேக்கச் சொல்லின் அடிபடுதலும் வந்துவிடும். அலையுயிரி என்று எழுதுவோர் இல்லாமலில்லை. பாடநூல் குழுவினர் ஏன் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு.

திருகோணமலைக் கடலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பது கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கைக்குக் கிழக்கே கடல்நீர் இடஞ்சுழியாகச் சுழன்று, நடுவில் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கடலாய்வாளர்கள் வினயச்சந்திரனும் யமகட்டாவும் 1998இல் விவரித்த இந்தச் சுழலுக்கு 'இலங்கைக் குவிமாடம்' என்று பெயர். அடிநீரோடு உரச்சத்தும் ஏறுவதால் டயட்டங்கள் பெருகும். அவற்றை மேய்பவையும் பெருகும். கொட்டியாரக் குடாவில் மகாவலி தன் பங்குக்கு வண்டலைக் கொட்டுகிறது. அதே குடாவிலிருந்து தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோணேசர் மலையில் நின்றபடியே திமிங்கிலத்தின் மூச்சுப் பீச்சலைப் பார்க்க முடிவது இதனால்தான். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற ஆய்வுப் படகு இந்தக் கடலில்தான் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தது.

திமிங்கிலம் என்ற வடசொல்லைப் பிரித்தால் 'திமி'யை விழுங்குவது என்று வரும். திமி என்பது புராணத்துப் பெருமீன். நீலத் திமிங்கிலமோ பெருமீன் எதையும் விழுங்குவதில்லை. குளிர்க் கடல்களில் அதன் உணவு கிரில் என்ற, இறால் போன்ற சிற்றுயிர். இலங்கையில் கடலுயிரியலாளர் அஷா டி வோஸ் குழுவினர் தெற்குக் கடலில் திமிங்கிலக் கழிவைச் சேகரித்து மரபணுவைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், இரை பெரும்பாலும் கிரில் அல்ல, சர்ஜெஸ்டிட் இறால்கள். கூனியின் குடும்பம்.

துறைமுகத்துக்கு வரும் கப்பலும் பிளாங்டனை ஏற்றி இறக்குகிறது. சரக்கில்லாத கப்பல் நிலைகொள்ள ஒரு துறைமுகத்தில் நிறைத்த நீரை இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். அதோடு குஞ்சுகளும் முட்டைகளும் ஓட்டம் ஒருநாளும் கொண்டுபோகாத கடலுக்குப் போய்ச் சேரும். இதைக் கட்டுப்படுத்த 2004இல் எழுதிய சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கடைசிக் கட்டத்துக்கான கெடு 2024 செப்டம்பர் 8. கொட்டும் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிருள்ளவை கன மீட்டருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 வரை உள்ளவை மில்லிலீட்டருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். எண்ணுவதில் ஹென்சனின் வழி, பிரிப்பதில் அளவுகோலின் வழி. நண்டா சிப்பியா டயட்டமா என்று விதி கேட்பதில்லை. அது பெயர் சொல்லிக் கேட்பவை மூன்றே: வாந்திபேதிக் கிருமி, ஈ. கோலி, குடல் என்டரோகொக்கை.