ஆஸ்டின் செவன் காலத்துக் கார் ஷெட்டுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில், வீட்டுக் கொல்லைப்புறக் கார் ஷெட் பட்டறையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனதற்கு முதல் காரணம் பஞ்சம். பெட்ரோல் 1950 மே வரை ரேஷனில்தான் கிடைத்தது. புதுக் கார்களில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காகக் கப்பலேறியது. கார்ப் பித்துப் பிடித்த இளைஞர்களுக்கு எஞ்சியது, காயலாங்கடைக்குப் போகவேண்டிய பழைய வண்டிதான். பெரும்பாலும் அது ஆஸ்டின் செவனாக இருந்தது.

அந்தக் காரே ஒரு வீட்டில் பிறந்தது. ஹெர்பர்ட் ஆஸ்டின், தம் இல்லத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது இளைஞரை உட்கார்த்தி அதன் வரைபடங்களைப் போட வைத்தார். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் வெளிவந்ததால் உதிரிபாகங்களுக்குக் குறைவில்லை. சில போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். 747 சிசி எஞ்சினை இரண்டு பேர் தூக்கி இறக்கலாம்.

இப்படிப் பிரித்துப் புதுப் பாடி கட்டிய வண்டி ‘ஸ்பெஷல்’ எனப்பட்டது. வேலை முன்பக்கத்தில் தொடங்கும். குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கைத் தட்டையாக்கி வண்டியைத் தாழ்த்துவார்கள். எஞ்சினில்தான் சோதனை. கிராங்க்ஷாஃப்டைத் தாங்க இரண்டே பேரிங்குகள் இருந்ததால், வேகம் கூடினால் அது நடுவில் வளையும். சில நேரம் ஒடிந்தே போகும். உலோகம் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த இளைஞர்கள் கைப்பட அறிந்தது இந்த முறிவுகளில்தான்.

அவர்களில் ஒருவர் காலின் சாப்மன். லண்டனில் பொறியியல் படித்துக்கொண்டே பழைய கார் வியாபாரம் செய்தவர். 1947-இல் தனியார் கார்களுக்கு ரேஷனில் கொடுத்துவந்த பெட்ரோலையும் அரசு நிறுத்தியதும் வியாபாரம் படுத்தது. விற்காமல் கையில் நின்ற பழைய ஆஸ்டின் செவனைத் தோழி ஹேசலின் பெற்றோர் வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரித்தார். 1948-இல் அது அவருடைய முதல் ‘லோட்டஸ்’ காராக வெளிவந்தது. அவருடைய திறமை முழுதாகத் தெரிந்தது 1951-இன் மூன்றாவது வண்டியில். ஆஸ்டின் எஞ்சினில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு ஒரே துளை வழியாக மூச்சிழுத்து, ஒன்றின் பங்கை மற்றது பறிக்கும். சாப்மன் அத்துளைகளுக்குள் தடுப்பு வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி தந்தார். பந்தயங்களில் போட்டியாளர்கள் வெகுவாகப் பின்தங்கினர். அடுத்த பருவத்திலேயே விதிகள் அந்த உத்தியைத் தடைசெய்தன. பணத்தால் வாங்க முடியாத வெற்றி அது.

இந்த மலிவுப் பந்தயங்களை நடத்தியது 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப். நியூசிலாந்தில், பின்னாளில் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநரான புரூஸ் மெக்லாரனும் தந்தை வாங்கிய ஆஸ்டின் செவன் ஒன்றில்தான் பதின்ம வயதில் பந்தயத்துக்கு இறங்கினார்.

1950-களில் கண்ணாடியிழைப் பாடிகள் தனியே விற்பனைக்கு வந்தன; தகரம் தட்டும் உழைப்பு மிச்சமானது. முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிபாகங்களாக வாங்குவோருக்கு இல்லாததால், 1957-இல் வந்த லோட்டஸ் செவன் போன்றவை வீட்டு ஷெட்டில் பூட்டிக்கொள்ளும் தொகுப்புகளாக விற்றன. 1960-இல் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. பிரேக் தேய்ந்த பழைய கார்கள் பல சாலையை விட்டு நீங்கின. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் தொகுப்புகளுக்கிருந்த சலுகையும் போயிற்று. அதே ஆண்டு சாப்மனின் லோட்டஸ் நிறுவனம், லோட்டஸ் செவனின் உரிமையைக் கேட்டரம் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்நிறுவனம் இன்றும் அந்தக் காரை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்றுவருகிறது.