பெருந்திரள் மாசுநீக்கத் தொடர்பாடல்

பெருந்திரள் மாசுநீக்கத் தொடர்பாடல் என்பது, வேதி, உயிரி அல்லது கதிரியக்கப் பொருள் பட்ட பலரை ஒரே நேரத்தில் தூய்மைப்படுத்தும்போது மீட்புப் பணியாளர்கள் அவர்களுக்குத் தகவல் தெரிவிக்கும் முறை ஆகும். மேலாடைகளைக் களைதல், உடலைத் துடைத்தல், கழுவுதல் ஆகியன விரைந்து நடைபெற வேண்டும். மக்களின் ஒத்துழைப்பின்றி இவை இயலா.

போபால் நிகழ்வு

1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு வளிமம் கசிந்தது. மக்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கவில்லை. என்ன செய்வதென்று அறியாது பலர் ஓடினர். ஓடியதால் மூச்சு வேகம் கூடி, நச்சுக்காற்றை மிகுதியாக உள்ளிழுத்தனர். ஈரத்துணியால் முகத்தை மூடும்படி அறிவித்திருந்தால் பாதிப்பு குறைந்திருக்கும் எனக் கருதப்படுகிறது.

எண்ணூர் நிகழ்வு

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் சென்னை எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவர் ஊர்களின் மக்கள் மூச்சுத்திணறலுடன் வீடுகளை விட்டு வெளியேறினர்.

அடிப்படை நெறிகள்

* நிகழ்ந்தது என்ன, மாசுநீக்கம் ஏன் தேவை என்பவற்றை முதலில் விளக்குதல்.
* செய்ய வேண்டியதை எளிய சொற்களில், வரிசையாகக் கூறுதல்.
* பெண்களுக்குத் தனி மறைவிடமும் மாற்றுடையும் உண்டு என முன்னரே தெரிவித்தல்.
* முகமூடிக்குள்ளிருந்து பேசும் குரல் தெளிவாகக் கேளாததால், ஒலிபெருக்கி, சைகை, படப்பலகை ஆகியவற்றைப் பயன்படுத்துதல்.

காரணத்தை விளக்கி, மக்களின் மானத்தையும் மதிக்கும்போது ஒத்துழைப்பு கூடுகிறது எனப் பிரித்தானியாவில் நடந்த ஒத்திகை ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்தியாவில்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007 இல் வேதிப் பேரிடர்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4 ஆவது படையணி அரக்கோணத்தில் அமைந்துள்ளது.