பட்டம் வாங்கியாச்சு, வக்கீல் ஆயாச்சா? மலேசியாவில் வழக்கறிஞர் உரிமம் வளர்ந்த கதை

படிவம் 4, 5 மாணவர்களுக்கு ‘என் எதிர்கால ஆசை’ என்று கட்டுரை கொடுத்துப் பாருங்கள். மருத்துவருக்கு அடுத்தபடியாக நிற்பது வழக்கறிஞர்தான். கட்டுரையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். நன்றாகப் படிப்பேன், சட்டப் பட்டம் வாங்குவேன், கறுப்பு அங்கி போட்டு ஏழை எளியவர்களுக்காக வாதாடுவேன். பட்டத்துக்கும் அங்கிக்கும் இடையில் ஒரு முற்றுப்புள்ளிகூட இருக்காது.

ஆனால் அந்த இடைப்பகுதிதான் நீளமானது. பிள்ளைகள் அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்; பெற்றோர் அங்கேதான் ரெண்டாவது முறை கடன் வாங்குகிறார்கள். சட்டம் படித்தவர் வேறு, வழக்கறிஞர் வேறு. அந்த இடைப்பகுதிக்கு நம் நாட்டில் 200 வருஷ வரலாறு இருக்கு. வாசல் எப்போதும் ஒன்றுதான்; அந்த வாசலில் கேட்கப்பட்டதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. ஒரு காலத்தில் கப்பல் செலவு, இன்னொரு காலத்தில் மொழி, வேறொரு காலத்தில் தெரிந்த ஆள். உயர்கல்வி வழிகாட்டல் பாடத்துக்கு உதவுமே என்று அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பினாங்கில் ஆங்கிலேய முறைப்படியான நீதிமன்றம் 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தின் மூலம் வந்தது. 1826-இல் வந்த அடுத்த சாசனம் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டது. நீதிமன்றம் வந்துவிட்டது, வாதாட ஆள் எங்கே? லண்டனில் தகுதி பெற்ற பாரிஸ்டர்கள் கப்பலேறி இங்கே வந்து உட்காரும் அளவுக்கு வழக்கும் இல்லை, வருமானமும் இல்லை. அதனால் ‘லா ஏஜெண்ட்’ என்ற பெயரில் சிலரை நீதிமன்றமே அனுமதித்தது. முறையாகச் சட்டம் படிக்காதவர்களும் இதில் உண்டு. சிங்கப்பூரின் முதல் லா ஏஜெண்ட், 1833-இல் அனுமதி பெற்ற வில்லியம் நேப்பியர். சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் பத்திரிகையை ஆரம்பித்தவர்களில் ஒருவர் இவர்.

இந்த ஆள் பற்றாக்குறை நம் நாட்டு வழக்கறிஞர் தொழிலில் ஒரு தடத்தை விட்டுச் சென்றது. இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டர். அலுவலகத்தில் உட்கார்ந்து பத்திரம் தயாரிப்பவர், கட்சிக்காரரைச் சந்திப்பவர் சொலிசிட்டர். ரெண்டும் தனித் தனித் தொழில். நம் ஊரில் ஒரே ஆள் ரெண்டு வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. இன்றும் வழக்கறிஞர் அலுவலகப் பலகைகளில் ‘பெகுவாம்பேலா டான் பெகுவாம்சாரா’ என்று சேர்த்தே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வீடு வாங்கும்போது கையெழுத்து வாங்குபவரும் கொலை வழக்கில் வாதாடுபவரும் ஒரே உரிமம் வைத்திருப்பவர்கள்தான்.

உரிமம் இல்லாமல் சட்டம் பேசுகிறவருக்கும் நம் நாட்டில் ஒரு பெயர் உண்டு: ‘லோயார் புரோக்’. வகுப்பில் வாயாடும் பையனை நாமும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். உரிமம் உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு பேச்சுவழக்கு வரைக்கும் இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வழக்கறிஞர் ஆக வேண்டுமென்றால் லண்டன்தான். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்று நான்கு சங்கங்கள். அவற்றில் ஒன்றில் சேர்ந்து தேர்வு எழுத வேண்டும். அதோடு குறிப்பிட்ட தடவை அங்கே போய் இரவு விருந்து சாப்பிட வேண்டும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூத்த வழக்கறிஞர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகினால் தொழிலின் பண்பு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1891-இல் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரான காந்தி தம் சுயசரிதையில் இதைக் கொஞ்சம் கிண்டலாகவே எழுதியிருக்கிறார். அவர் மது தொடமாட்டார். மேசைக்கு வரும் ஒயினில் அவர் பங்கு மிஞ்சும் என்பதால் அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்க ஒரே போட்டியாம்.

பட்டத்துக்கும் தொழில் தகுதிக்கும் உள்ள தூரத்தை மாணவர்களுக்குப் புரியவைக்க துங்கு அப்துல் ரஹ்மானைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அவர் பட்டம் வாங்கியது 1925-இல். பாரிஸ்டர் ஆனது 1949-இல். நடுவில் தேர்வுத் தோல்வி, கெடாவில் அரசாங்க வேலை, உலகப் போர் எல்லாம் வந்து போயின. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பாரிஸ்டரான அவர் எட்டே வருஷத்தில் நாட்டின் பிரதமர். தேர்வில் கோட்டை விட்ட பையனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவான்.

நம்மவர்களும் போனார்கள். ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள் அப்படி லண்டனில் படித்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இளையவர் டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரில் ஈப்போவில் ஒரு பூங்காவே இருக்கு. ஆனால் கணக்கைப் பாருங்கள். கப்பல் கட்டணம், மூணு வருஷம் லண்டன் சாப்பாடு, வாடகை. தோட்டத்தில் பால்மரம் சீவியவர் பிள்ளைக்கு இது கனவிலும் வராது. தமிழர்களில் முதல் தலைமுறை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் வசதியோ ஆங்கிலக் கல்வியோ உள்ள குடும்பங்களிலிருந்து வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெண்களுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. இங்கிலாந்திலேயே 1919-இல் சட்டம் மாறிய பிறகுதான் பெண்கள் வழக்கறிஞர் ஆக முடிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1927-இல், லிம் பெங் ஹோங் என்பவர் பினாங்கில் வழக்கறிஞராகப் பதிவானார். மலாயாவின் முதல் பெண் வழக்கறிஞர் அவர்தான்.

லண்டனில் படித்து வந்தவர்களிடம் ஒரு குறையும் இருந்தது. அவர்களுக்கு இங்கிலாந்துச் சட்டம் தெரியும். மலாயா நிலச் சட்டமோ இங்குள்ள நீதிமன்ற நடைமுறையோ தெரியாது. அதனால் ஊர் திரும்பியதும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் கொஞ்ச காலம் வேலை பழக வேண்டும் என்ற விதி இருந்தது. அதன் தொடர்ச்சிதான் இன்று பிள்ளைகள் ‘சேம்பரிங்’ என்று சொல்வது.

சொந்த மண்ணில் சட்டப் பட்டம் தாமதமாகத்தான் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது 1957-இல் சட்ட மாணவர்களைச் சேர்த்தார்கள். முதல் அணி 1961-இல் பட்டம் பெற்றது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பீடம் 1972-இல் தொடங்கியது. அதன் முதல் அணி வெளிவந்த 1976-ஆம் ஆண்டிலேயே இன்றுவரை நடப்பில் உள்ள வழக்கறிஞர் தொழில் சட்டம், அதாவது சட்டம் 166, இயற்றப்பட்டது. தீபகற்பத்தில் யார் வழக்கறிஞர் ஆகலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தனிச் சட்டம். இங்குள்ள வழக்கறிஞர் அங்கே போய் வாதாட வேண்டுமானால் அந்த ஒரு வழக்குக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும். ஒரே நாடுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். மலேசியா உருவானபோது ஏற்பட்ட உடன்பாடுகளைப் பற்றிப் பேச அது நல்ல இடம்.

1976 சட்டம் கேட்பவற்றில் பல எளிமையானவை. 18 வயது, நன்னடத்தை, மலேசியக் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி, சேம்பரிங் முடித்திருப்பது. இவற்றுக்கு முன்னால் ‘தகுதி பெற்ற நபர்’ என்ற ஒரு சொல் நிற்கிறது. சிக்கல் முழுக்க அந்தச் சொல்லில்தான்.

மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர் தகுதி பெற்றவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவரும் அப்படியே. வெளிநாட்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்? அவர்களுக்காக 1984-இல் வந்ததுதான் சி.எல்.பி. தேர்வு. தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்தது, நாற்பது வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. இதை நடத்துவது வழக்கறிஞர் தொழில் தகுதி வாரியம். அதில் சட்டத்துறைத் தலைவர், ரெண்டு நீதிபதிகள், வழக்கறிஞர் மன்றத் தலைவர், ஒரு சட்டப் பீடத் தலைவர் (டீன்) ஆகியோர் உறுப்பினர்கள். சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை, பொதுத்தாள் என்று ஐந்து தாள்கள். கஷ்டமான தேர்வு என்று ஊரறிய பேர் வாங்கியது. 2001-இல் வினாத்தாள் கசிந்து, அந்த ஆண்டு உழைத்துப் படித்தவர்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள்.

இந்த 1984 ஏற்பாடு நம் சமூகத்தை எங்கே தொடுகிறது? அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் தனியார் கல்லூரிகளில் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் படித்தார்கள். பிறகு ரெண்டு வருஷம் இங்கே, கடைசி வருஷம் இங்கிலாந்தில் என்ற இணைப்புப் படிப்புகளும் வந்தன. ரெண்டு தோழிகள் ஒரே கல்லூரியில் அதே பட்டத்தை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியின் அப்பாவிடம் பணம் இருக்கு. அவள் இங்கிலாந்தில் பார் படிப்பை முடித்து வருகிறாள், சி.எல்.பி. எழுத வேண்டியதில்லை. இன்னொருத்தி இங்கேயே இருந்து ஐந்து தாளோடு போராடுகிறாள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் இல்லை, அதற்கும் வரம்பு உண்டு. அறிவில் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. வங்கிக் கணக்கில்தான் வித்தியாசம். எங்கே படித்தாலும் எல்லாரும் ஒரே தேர்வு எழுதட்டும் என்ற யோசனை வருஷக்கணக்கில் பேசப்படுகிறது. அது நியாயமான யோசனை என்றே எனக்குப் படுகிறது.

அதே 1984 ஜனவரி முதல் தேதியிலிருந்து இன்னொரு நிபந்தனையும் நடப்புக்கு வந்தது. மலாய்மொழித் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அல்லது விலக்குப் பெற்றிருக்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இருந்தால் விலக்கு கிடைக்கும். ஆங்கிலம் நல்லா வருது, மலாய் எதுக்கு என்று அலட்சியமாக இருக்கும் மாணவர்களுக்குத் தமிழாசிரியர் நாமே இதைச் சொல்லலாம். நாம் சொன்னால் பக்கச்சார்பு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்!

இதையெல்லாம் தாண்டினால் சேம்பரிங். ஒன்பது மாதம். குறைந்தது ஏழு வருஷம் தொழில் செய்த ஒரு வழக்கறிஞர் ‘மாஸ்டர்’ ஆக இருந்து பழக்க வேண்டும். அந்தக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக்கூடாது. மாஸ்டர் கொடுக்கும் உதவித்தொகைதான் வருமானம். வாடகைக்கே அது போதாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மாஸ்டரைத் தேடிப்பிடிப்பதும் மாணவர் வேலைதான். அப்பாவோ மாமாவோ வழக்கறிஞராக இருந்தால் ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அலுவலகம் அலுவலகமாக எழுதிப் போட வேண்டும். பழைய கப்பல் செலவு போய்விட்டது, அதன் இடத்தில் அறிமுகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த ஒன்பது மாதத்தில் எல்லாமே கஷ்டம் என்று சொல்லிவிடக் கூடாது. வழக்கறிஞர் மன்றத்தின் இலவச சட்ட உதவி மையத்தில் சேம்பரிங் பிள்ளைகள் பணியாற்ற வேண்டும். காசில்லாதவர் சிறைக்கூடத்தில் நிற்பதை, குடும்ப வழக்கில் ஒரு பெண் வாய் திறக்க முடியாமல் அழுவதைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான். நம் மாணவர்கள் கட்டுரையில் எழுதும் ‘ஏழைகளுக்காக’ என்ற சொல், அங்கி போடுவதற்கு முன்னாலேயே அவர்கள் எதிரில் வந்து உட்காரும். மூணு மாதம் கழித்து, ‘ஷார்ட் கால்’ என்ற அனுமதி வாங்கி, சில விஷயங்களுக்கு மட்டும் நீதிமன்றத்தில் எழுந்து பேசவும் முடியும்.

முடிவில் உயர்நீதிமன்றத்துக்கு மனு. மனு செய்தவரின் பெயர் மூணு மாதம் நீதிமன்ற அறிவிப்பில் தொங்கும். ஆட்சேபம் உள்ளவர் தெரிவிக்கலாம். மாஸ்டர் தரும் சான்று, நன்னடத்தைச் சான்றுகள் எல்லாம் சேர வேண்டும். ஆட்சேபம் இல்லையென்றால் நீதிபதி முன்னிலையில் ‘லாங் கால்’. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பின் வரிசையில் உட்காரும் நாள் அதுதான். உரிமமும் ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் ஆண்டுச் சான்றிதழ், உயர்நீதிமன்றப் பதிவாளரின் தொழில் சான்றிதழ் ரெண்டையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

நன்னடத்தை என்பது வெறும் காகிதச் சடங்கு என்று மாணவர்கள் நினைத்தால் சிங்கப்பூரைக் காட்டுங்கள். அங்கே பார் தேர்வு பகுதி ஏ, பகுதி பி என்று ரெண்டு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத்தான் பகுதி ஏ. பயிற்சிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமாகக் கூட்டும் மாற்றமும் 2024-இலிருந்து வந்திருக்கு. கொரோனா நேரத்தில், 2020-இல், பகுதி பி தேர்வு இணையத்தில் நடந்தது. பதினோரு பேர் முறைகேடு செய்ததாகத் தெரியவந்தது. சிலர் வாட்ஸ்அப்பில் பதிலைப் பகிர்ந்துகொண்டார்கள். 2022-இல் ஆறு பேரின் மனு நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஐந்து பேருக்கு ஆறு மாதமும் ஒருவருக்கு ஒரு வருஷமும் தள்ளிவைத்தார் நீதிபதி. மறுபடி எழுதித் தேறியிருந்தும், வாசல் அன்றைக்குத் திறக்கவில்லை.

வகுப்புக்கு ஒரு சொல்லாய்வும் செய்யலாம். தமிழில் நாம் சொல்லும் ‘வக்கீல்’ அரபுமொழியிலிருந்து வந்தது. ஒருவருக்காகப் பேசும் பிரதிநிதி என்று பொருள். அதே சொல் மலாயிலும் ‘வாக்கில்’ என்று இருக்கு, ஆனால் அங்கே அது வழக்கறிஞரைக் குறிக்காது. ‘வாக்கில் ராக்யாட்’ என்றால் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர். இலங்கைத் தமிழர் ‘சட்டத்தரணி’ என்பார்கள். நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, யாருக்கு உரிமம் வேண்டும், யாருக்கு ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். மணி அடிக்கும்வரை வகுப்பில் லோயார் புரோக்குகள் ஓயமாட்டார்கள்.