பெண்ணின் சலுகையைப் பறிக்கும் சர்க்கரை

ஆணுக்கு வருவதைவிடப் பெண்ணுக்கு மாரடைப்பு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிந்தித்தான் வரும். உடல் தரும் இந்தச் சலுகை, சர்க்கரை நோய் வந்ததும் பெருமளவு பறிபோகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்றொரு சிற்றூர். அங்கே 1948-இல் தொடங்கி 5,209 பேரின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தார்கள். 1974-இல் வில்லியம் கேனல் குழு வெளியிட்ட கணக்கின்படி, சர்க்கரை உள்ள ஆணுக்கு இதயச் செயலிழப்பு வாய்ப்பு இரு மடங்குக்குச் சற்று மேல். பெண்ணுக்கோ ஐந்து மடங்கு. பின்னர் 2014-இல் 64 ஆய்வுகளை, எட்டரை லட்சம் பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இதயத் தமனி நோய் ஆணுக்கு 2.16 மடங்கு, பெண்ணுக்கு 2.82 மடங்கு என்று வந்தது.

இதை வைத்துக்கொண்டு, சர்க்கரை உள்ளவர்களில் பெண்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. எண்ணிக்கையில் இன்னமும் ஆண்கள்தான் முன்னே. சர்க்கரை உள்ள பெண்ணை ஒப்பிடுவது சர்க்கரை இல்லாத பெண்ணோடு. அவளுக்கு ஆபத்து முதலிலேயே குறைவு. அதனால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதுவே முழுக் காரணமும் அல்ல.

ஆணுக்குக் கொழுப்பு வயிற்றிலும் கல்லீரலிலும் சீக்கிரம் படியும். கொஞ்சம் எடை கூடினாலே சர்க்கரை எட்டிப்பார்க்கும். பெண்ணுக்கு அது முதலில் இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்கும். அங்கே இடம் போதாமல் உள்ளுறுப்புகளுக்குப் பரவி, சர்க்கரை நோய் என்று தெரியவருவதற்குள் அவள் ஆணைவிடக் கூடுதலாக எடை ஏறியிருப்பாள். இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அதற்கு முன்பே கெடத் தொடங்கியிருக்கும். அதாவது, இருவருக்கும் ஒரே நாளில் நோய் கண்டறியப்பட்டாலும், அவளுடைய இரத்தக் குழாய்கள் அதிகம் பழுதாகியிருக்கும். போதாக்குறைக்குப் பெண்களிடம் இதயத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்படுவது அதிகம். ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் தெரியாமல் போகலாம்.

என்னை அதிகம் உறுத்துவது உடலின் வேறுபாடல்ல, வைத்தியத்தின் வேறுபாடு. சர்க்கரை உள்ள பெண்களுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித்தரப்படுவது ஆண்களைவிடக் குறைவு என்று பல நாட்டுப் பதிவுகள் சொல்கின்றன. நெஞ்சுவலி இருபாலருக்கும் பொது; பெண்ணுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, அசதி கூடச் சேர்ந்து வந்து குழப்பும். ‘வாயு’ என்று சோடா குடித்துப் படுத்துவிடுவது அப்படித்தான்.

ஆணுக்கு இல்லாத ஒரு முன்னறிவிப்பு பெண்ணுக்கு உண்டு: கர்ப்பகாலச் சர்க்கரை. அது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதற்கான சோதனை கட்டாயம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை உண்டு. ஆனால் குழந்தை பிறந்ததும் அந்தச் சோதனைச் சீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும், சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள்.