உலாவிகள் வந்த வழி

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கு ஊர்ச் செய்தித்தாள் ஒரு காலத்தில் அஞ்சல் வழியாக, நாள் கடந்தே வந்தது. இன்று அது விடியுமுன் கணினித் திரையில் வந்து நிற்கிறது. அதனைக் கொணர்ந்து காட்டும் கருவியே உலாவி. பிரௌசர் என்றால் எவர்க்கும் விளங்கும்.

முதல் உலாவியை 1990ஆம் ஆண்டில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயற்றினார். அது நெக்ஸ்ட் என்னும் அரிய வகைக் கணினியில் மட்டுமே இயங்கிற்று. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் என்பதனை ஆக்கினர். எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியமையால் அது பரவிற்று. மறு ஆண்டே ஆண்ட்ரீசன் தம் கூட்டாளிகளுடன் நெட்ஸ்கேப்பைக் கொணர்ந்தார். பக்கம் முழுமையும் வந்து சேரக் காத்திராமல், வந்த மட்டில் காட்டுவது அதன் சிறப்பு. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் சொட்டிக்கொண்டிருந்த நாளில் இது சிறு உதவியன்று.

1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பின்னர் விண்டோஸோடு சேர்த்து விலையின்றியே அளித்தது. கடைக்குப் போகுமுன்னே கைக்கு வந்துவிட்ட பொருளோடு நெட்ஸ்கேப் எங்ஙனம் போட்டியிடும்? 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. ஆயினும் நெட்ஸ்கேப் மீளவில்லை.

இப்போட்டியில் நம் மொழி பட்ட பாடு தனிக்கதை. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் ஏடும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதனை இறக்கிக்கொள்ளாதவர்க்குப் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறையை இரு உலாவிகளும் தத்தம் நான்காம் பதிப்பு வரிசையில் கொண்டுவந்தன. ஆனால் ஒன்றின் முறை மற்றொன்றுக்கு விளங்காது! யூனிகோடு வந்தபின், விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவும் சேர்ந்து வர, கொம்பும் காலும் உரிய இடத்தில் நின்றன. இதில் எக்ஸ்புளோரருக்கு நாம் கடன்பட்டோம் என்பதனை மறுப்பதற்கில்லை.

எதிரி வீழ்ந்ததும் அது உறங்கிற்று. 2001இல் வந்த ஆறாம் பதிப்புக்கும் 2006இல் வந்த ஏழாம் பதிப்புக்கும் இடையே ஐந்தாண்டுகள் கழிந்தன. பாதுகாப்பில் ஓட்டைகள் மலிந்தன. நெட்ஸ்கேப் பொதுவில் திறந்துவிட்ட நிரலினின்று வளர்ந்த பயர்பாக்ஸ் 2004இல் வந்து அந்த உறக்கத்தைக் கலைத்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கவும், தாமே எழும் விளம்பரங்களைத் தடுக்கவும் அது வழிசெய்தது. ஆயினும் இரு ஓரமும் சமமாக நிரவப்பட்ட தமிழ்ப் பத்திகளில் எழுத்துக்கள் சிதறிப்போயின. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலேதான் அக்குறை தீர்ந்தது.

எளிய கைப்பேசியே கையிலிருந்தவர்க்கு நார்வே நாட்டு ஆபரா மினி துணை நின்றது. பக்கத்தைத் தன் கணினிகளில் சுருக்கி அனுப்புவது அதன் முறை. தமிழ் எழுத்தே இல்லாத கைப்பேசியிலும், அமைப்பில் ஒரு குறியை மாற்றினால், எழுத்தைப் படமாக்கித் தந்தது. படிப்பதெல்லாம் பிறர் கணினி வழியே வரும் என்பது குறைதான். ஆயினும் தமிழைக் காணாது தவித்தவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2008இல் கூகிளின் குரோம் வந்தது. ஒரு பக்கம் செயலிழப்பினும் மற்றவை வீழாதிருக்க அவற்றைத் தனித்தனியே இயக்கியது, விரைவும் மிகுதி. கணினியின் நினைவகத்தை மிகுதியாக விழுங்குவது அதன் குறை. ஆப்பிளின் சபாரி மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடும். ஆனால் இன்று ஆப்பிள் கருவிகளுக்கு அப்பால் அது இல்லை.

2022 ஜூன் 15ஆம் நாள் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்ட் விடைகொடுத்தது. அதன் வாரிசாகிய எட்ஜ் 2020 முதலே குரோமின் அடித்தளத்தின் மீது இயங்குகிறது, ஆபராவும் அவ்வாறே. பெயர் பலவாயினும், பெரிய உலாவிகளுள் தனி இயந்திரம் உடையவை இன்று குரோம், சபாரி, பயர்பாக்ஸ் ஆகிய மூன்றே.