அளக்கத் தெரிந்த கணினி: தில்லியின் மூன்று தொடக்கங்கள்

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், தில்லி சாணக்யபுரியின் விளிம்பிலுள்ள தீன் மூர்த்தி மாளிகை வளாகத்தில் நேரு கோளரங்கத்தைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளி சென்று திரும்பினார். அவரைப் பூமிக்குக் கொணர்ந்த சோயுஸ் டி-10 கலத்தின் இறங்குபகுதி பின்னர் இதே கோளரங்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைநகரில் வேறு இரு தொடக்கங்களும் நிகழ்ந்தன. பள்ளிகளுக்குக் கணினி வழங்கும் 'கிளாஸ்' என்னும் முன்னோடித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு, துகள் முடுக்கி ஆய்வுக்காக அணு அறிவியல் மையத்தை நிறுவியது.

இம்மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. ஆயினும், விலை குறைந்த கணினியைக் கொண்டு வகுப்பறையில் இயற்பியலையும் வானியலையும் எவ்வாறு கற்பிப்பது என்னும் கேள்வியின் இந்திய வரலாறு இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகிறது.

முதலில் கிளாஸ் திட்டம். கல்வி அமைச்சகமும் மின்னணுத் துறையும் இணைந்து 250 பள்ளிகளில் இதனைத் தொடங்கின. பிரித்தானியாவின் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ இதற்குத் தெரிவுசெய்யப்பட்டது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட இச்சிறு கணினியின் பி வகையில் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு சிறப்பு இருந்தது. அதன் பின்புறத்தில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும் நான்கு உள்ளீட்டு வழிகள் அமைந்திருந்தன. வெப்ப உணரியையோ ஒளி உணரியையோ அவற்றில் இணைத்தால், கணினியே ஆய்வுக்கருவியாகிவிடும். பிரித்தானியப் பள்ளி ஆய்வகங்கள் அதனை அவ்வாறும் பயன்படுத்தின. இந்தியத் திட்டத்தின் விரிந்த பெயரோ, பள்ளிகளில் கணினி எழுத்தறிவும் கல்வியும் என்பதாகும். கணினியைக் கற்பதே அதன் முதல் நோக்கம். கணினியால் வேறொன்றைக் கற்பது அடுத்த நிலையில் நின்றது. கணினி தனிப் பாடமாயிற்று, அதற்குத் தனி அறையும் வாய்த்தது. இயற்பியல் ஆய்வகம் வேறோர் அறையில் இருந்தது.

அடுத்த கால் நூற்றாண்டில் பேச்செல்லாம் விலையைப் பற்றியதாயிற்று. 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கத்தை 100 டாலர் என்னும் இலக்குடன் அறிவித்தார். 2006இல் இந்தியக் கல்வித் துறை அதனை ஏற்க மறுத்தது. மறுத்த அரசே 2010இல் 35 டாலர் கணினியின் மாதிரியைக் காட்டியது. 2011 அக்டோபர் 5ஆம் நாள் அமைச்சர் கபில் சிபல் தில்லியில் ஆகாஷ் பலகைக் கணினியை வெளியிட்டார். அதற்குச் சில நாள்களுக்கு முன், செப்டம்பர் 15ஆம் நாள், தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சொந்தமாக ஒரு கணினியை வாங்க இயலாத இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குள் அத்திட்டம் கணினியைக் கொண்டுசேர்த்தது. அதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் எல்லாத் திட்டங்களின் கணக்கேட்டிலும் பதிவானது வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையே. அக்கருவியால் ஒரு மாணவர் எதை அளந்தார் என்பதற்கு அந்த ஏட்டில் இடமில்லை.

இக்குறையை நேராக எதிர்கொண்டது, 1984இல் பிறந்த மூன்றாவது நிறுவனம். அணு அறிவியல் மையம் பின்னாளில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் எனப் பெயர் மாறியது. தில்லியின் தென்பகுதியில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்த அம்மையம் 2004இல் 'ஃபீனிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் அங்குப் பணியாற்றிய அறிவியலாளர் பி. பி. அஜித்குமார். முடுக்கியில் ஒவ்வொரு கணமும் எழும் மின்குறிகளைக் கணினிவழிப் பதிவுசெய்வது அம்மையத்தின் அன்றாடப் பணி. அதே நுட்பத்தின் எளிய வடிவத்தை ஒரு கல்லூரி ஆய்வகமே வாங்கக்கூடிய விலையில் தர முடியும் என்பதே ஃபீனிக்ஸின் அடிப்படை எண்ணம். கருவியை வடிவமைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது ஆகிய இரண்டையும் அத்திட்டம் சமமான பணிகளாகக் கொண்டது.

ஃபீனிக்ஸின் வழித்தோன்றலான 'எக்ஸ்பைஸ்' உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. கணினியின் யுஎஸ்பி இணைப்பிலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது. மின்னழுத்தத்தை அளக்கும், அலைவடிவத்தைத் திரையில் வரையும், இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தை நுண்விநாடி அளவில் கணக்கிடும். இதன் பயனை ஓர் எளிய சோதனை விளக்கும். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் இரும்புக்குண்டு தரையைத் தொட ஏறத்தாழ கால் விநாடி ஆகும். நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் தாமதிக்கும் நேரமே ஏறத்தாழ அவ்வளவு. ஆகவே கையால் அளக்கும் மாணவருக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு தாறுமாறாகவே கிடைக்கும். பாடநூலில் அச்சான 9.8 என்னும் விடையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகர்வதே அவருக்கு வழக்கமாகும். மின்காந்தம் குண்டை விடும் கணத்தையும் குண்டு தரையைத் தொடும் கணத்தையும் கணினியே குறித்துக்கொண்டால், மாணவர் தாமே கண்ட எண் 9.8க்கு அருகில் வந்து நிற்கும். பொய்யான குறிப்பேட்டுக்கு அங்குத் தேவை எழுவதில்லை.

மற்றொரு சோதனையில், கம்பிச்சுருளின் ஊடாக ஒரு காந்தத்தை விழச்செய்கின்றனர். திரையில் ஒரு முகடும், அதற்கு எதிர்த்திசையில் ஒரு பள்ளமும் தோன்றும். பள்ளம் முகட்டைவிட ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும். காந்தம் வெளியேறும்போது அதன் வேகம் கூடியிருப்பதே காரணம். ஃபாரடேயின் தூண்டல் விதியும் நியூட்டனின் இயக்க விதியும் ஒரே கோட்டில் எழுதப்பட்டிருப்பதைக் கரும்பலகையில் வரையும் படம் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

எக்ஸ்பைஸின் மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டுக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. கருவியின் வடிவமைப்பும் பொதுவில் வைக்கப்பட்டது. எவரும் செய்து விற்கலாம், திருத்தலாம், தம் மொழிக்கு மாற்றலாம். பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னரே மாற்றியிருந்த கேரளத்தில் இது எளிதாக இடம்பெற்றது. அங்குப் பள்ளிகளுக்கென உருவான லினக்ஸ் தொகுப்பிலேயே எக்ஸ்பைஸ் சேர்க்கப்பட்டது. கருவி மலிவாக இருந்தது மட்டும் அதற்குக் காரணமன்று. கணினிக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் அங்கு ஏற்கெனவே ஒரே பொது அமைப்பின்கீழ் இருந்தன.

வானியலின் நிலை சற்று வேறானது. விண்மீனைக் கம்பிச்சுருளில் விழச்செய்ய இயலாது. கணினி இங்கு அளக்கும் கருவியாக நிற்பதைவிடக் கணக்கிடும் துணையாக நிற்பதே மிகுதி. அளவை வானத்திலிருந்து நேராகப் பெற வேண்டும். இவ்விடத்தில்தான் சாணக்யபுரியின் விளிம்பிலுள்ள கோளரங்கம் மீண்டும் கதைக்குள் வருகிறது. 1999 முதல் அதன் இயக்குநராக இருந்தவர் வானியற்பியலாளர் நந்திவாடா ரத்னஸ்ரீ. குவிமாடத்துள் அமர்ந்து காணும் காட்சியோடு வானியல் கல்வி முடிந்துவிடுவதை அவர் ஏற்கவில்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜந்தர் மந்தரை மாணவர்களின் ஆய்வகமாக்கினார். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கற்கருவிகளைப் பெரும்பாலோர் சுற்றுலாச் சின்னமாக மட்டுமே பார்த்துச் சென்றனர். ரத்னஸ்ரீயும் அவருடைய மாணவர்களும் அவற்றைக் கொண்டு மீண்டும் அளக்கலாயினர்.

அங்குள்ள சாம்ராட் யந்திரம் ஒரு மாபெரும் சூரியக் கடிகாரம். அதன் சாய்சுவர் தில்லியின் அட்சரேகைக்கு இணையாக, ஏறத்தாழ 28.6 பாகைக் கோணத்தில் எழுகிறது. அதன் நிழல் நண்பகலைக் காட்டும்போது கைக்கடிகாரம் 12 மணியைக் காட்டுவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, தில்லியோ 77.2 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் எனக் கணக்கிட்டால், தில்லியின் நண்பகல் ஏறத்தாழ 12.21க்கு நிகழ வேண்டும். அதுவும் நாள்தோறும் மாறும். நவம்பர்த் தொடக்கத்தில் 12.05 அளவிலும் பிப்ரவரி நடுவில் 12.35 அளவிலும் நண்பகல் வரும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். ஆண்டு முழுவதும் குறித்த நிழல்களை மிகச் சாதாரணக் கணினியில் வரைபடமாக்கும் மாணவர், அவ்விரு காரணங்களையும் ஒரே வளைகோட்டில் காண்பார். கணினி தருவது எதிர்பார்ப்பு, கல் தருவது சான்று. இரண்டும் பொருந்தாதபோது அவற்றின் இடைவெளியைப் பற்றிச் சிந்திப்பதே கல்வி.

2021 மே மாதம், கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் ரத்னஸ்ரீ மறைந்தார். ஒருவருடைய ஆர்வத்தால் வளரும் பணி அவரோடு நின்றுவிடக்கூடாதெனில், அது பாடத்திட்டத்துக்குள்ளும் ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் புக வேண்டும். ஃபீனிக்ஸ் கருவியோடு பயிற்சியையும் சேர்த்தே வைத்ததன் பொருள் இதுவே.

தமிழ்நாட்டுக்கு இவ்வரலாறு அயலானதன்று. இங்கு வழங்கப்பட்ட ஒவ்வொரு மடிக்கணினியிலும் ஓர் ஒலிவாங்கி உண்டு. அதன் அருகில் ஒரு பந்தைத் தரையில் துள்ளவிட்டு, ஒலியைக் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் பதிவுசெய்தால், அடுத்தடுத்த இரு மோதல்களுக்கு இடைப்பட்ட நேரம் திரையில் தெரியும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.8ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால், பந்து எழுந்த உயரம் மீட்டரில் கிடைக்கும். இடைவெளி 0.8 விநாடி எனில் உயரம் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். அருகில் ஓர் அளவுகோலை நிறுத்தி அதைச் சரிபார்க்கலாம். இதற்குப் புதிய கருவியோ நிதியோ வேண்டியதில்லை. வேண்டியது, செய்துகாட்டத் தெரிந்த ஓர் ஆசிரியரும், மாணவர் கண்ட எண் பாடநூலின் எண்ணிலிருந்து விலகினாலும் மதிப்பெண் குறையாது என்னும் உறுதியும்தான்.