யூரியாவும் புகையானும்

1966-இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டபோது, வெப்பமண்டல ஆசியாவில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானை யாரும் பெரிய எதிரியாகக் கருதவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் இந்தோனேசியாவிலும் கேரளத்திலும் அது வயல்களை வட்டவட்டமாகக் கருக்கியது. பழி பூச்சியின்மேல் விழுந்தது. பெரும்பங்கு பயிருக்கு ஊட்டிய விதத்தையே சேரும் என்பது என் துணிபு. யூரியா தரும் தழைச்சத்தை வேர் மிகுதியாக உறிஞ்சும்போது தண்டின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுகின்றன. தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு அந்தச் சாற்றைக் குடிக்கும் பழுப்புப் பூச்சி கூடுதலாக முட்டையிடுகிறது; அடர்ந்து தழைத்த பயிர் அதற்கு நிழலும் ஈரமும் தருகிறது.

யூரியா வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1732-இல், தத்துப்பூச்சிகள் ஜப்பானில் பெரும்பஞ்சத்தை விளைவித்தனவே என்று கேட்கலாம். உண்மைதான். அக்காலத்து உழவர்கள் வயல்நீரில் திமிங்கில எண்ணெய் ஊற்றி, பூச்சிகளை அதில் தட்டிவிட்டு அழித்தார்கள். ஆனால் ஜப்பானுக்கு அவை ஆண்டுதோறும் காற்றோடு கடல்கடந்து வருபவை. ஆண்டு முழுவதும் அவை வாழும் வெப்பமண்டலத்தில் சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் அவற்றை அடக்கியே வைத்திருந்தன. மருந்தடித்தால் தீர்ந்துவிடும் என்போருக்கு இந்தோனேசியாவே பதில்: தெளித்த மருந்து சிலந்திகளைக் கொன்றது, தழைச்சத்து தூண்டிவிட்ட பெருக்கத்துக்கு இருந்த கடிவாளமும் அறுந்தது. 1986-இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது, விளைச்சல் சரியவில்லை.